தண்ணீரை அளந்து குடித்த எட்டு நாள்: ‘லைஃப்போட் 12’ நாவலைப் பிள்ளைகளோடு படித்தபோது

கடந்த மே மாதம் அண்ணன் பிள்ளைகள் இருவரும் விடுமுறைக்குச் சேலம் அம்மாப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வெயில் தாழ்ந்த பிறகு மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்து, ஒன்பது மாலைகள் அவர்களுக்கு ஒரே ஒரு நாவலைப் படித்துக் காட்டினேன். சூசன் ஹூட் எழுதி 2018இல் வெளிவந்த ‘லைஃப்போட் 12’ என்ற ஆங்கிலச் சிறுவர் நாவல் அது. பெரியவள் ஏழாம் வகுப்பை முடித்திருந்தாள். சின்னவன் ஐந்தாம் வகுப்பு. நான் ஒவ்வொரு பக்கத்தையும் ஆங்கிலத்தில் ஒரு முறை வாசித்துவிட்டு உடனே தமிழில் சொல்வேன். பிள்ளைகளுக்குப் புத்தகம் தேடும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இந்த நாவலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும் என்று அந்த ஒன்பது மாலைகளும் என்னை நினைக்க வைத்தன. புத்தகத்தின் மேல் எனக்குப் பெரிய அன்பு உண்டு, ஒரு மனக்குறையும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கதையின் அடிப்படை உண்மையில் நடந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் லண்டன் மீது இரவு பகலாகக் குண்டு வீசிக்கொண்டிருந்த 1940ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் அரசு தன் நாட்டுப் பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றிக் கனடா போன்ற தொலைதூர நாடுகளுக்கு அனுப்பிக் காப்பாற்றும் திட்டம் ஒன்றை நடத்தியது. அந்தத் திட்டத்தின் கீழ் 90 பிள்ளைகள் ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ என்ற கப்பலில் ஏறினார்கள். கப்பல் செப்டம்பர் 13ஆம் தேதி லிவர்பூலிலிருந்து புறப்பட்டது. பெயரில் இருக்கும் பெனாரஸ் நம்முடைய காசிதான். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே ஓடுவதற்காக 1936இல் கட்டப்பட்ட பயணிகள் கப்பல் அது. ஐந்தாம் நாளான செப்டம்பர் 17 அன்று, ஆபத்தான பகுதியைத் தாண்டிவிட்டோம் என்று பெரியவர்கள் நம்பினார்கள். அதுவரை உடுத்திய உடையோடும் மிதவைச் சட்டையோடும் படுத்த பிள்ளைகள் அன்றிரவுதான் முதன்முதலாக இரவு உடைக்கு மாறிப் படுத்தார்கள். பத்து மணி கடந்த சிறிது நேரத்தில் யு-48 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோ தாக்கியது. சுமார் அரைமணி நேரத்தில் கப்பல் அட்லாண்டிக் கடலுக்குள் போய்விட்டது. அந்த 90 பிள்ளைகளில் 77 பேர் இறந்தார்கள்.

உயிர் பிழைத்தவர்களில் ஒருவனான கென் ஸ்பார்க்ஸ் என்ற பதின்மூன்று வயதுச் சிறுவன்தான் நாவலின் கதைசொல்லி. போர்க்கால லண்டன், ரேஷன், அப்பா, தன்னை அனுப்பிவிட்டால் போதும் என்று நினைப்பதாக அவன் சந்தேகப்படும் சித்தி, அதாவது அப்பாவின் இரண்டாம் மனைவி என்று முதல் பகுதி நகர்கிறது. ‘சித்தி’ என்று நான் தமிழில் சொன்னவுடனே பிள்ளைகள் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நம்முடைய கதைகளில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் கனம் அப்படி. ஆனால் அந்தப் பகுதியில் வரும் வீட்டுப் பொருள்களுக்கும் பழக்கங்களுக்கும் நான் அடிக்கடி நிறுத்தி விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது, அதனால் முதல் இரண்டு மாலைகள் கொஞ்சம் மெதுவாகத்தான் போயின. கப்பலில் ஏறிய பிறகு, போரில் மெலிந்த பிள்ளைகளுக்கு முன்னால் வகைவகையாகச் சாப்பாடு வந்து இறங்கும் இடத்திலிருந்து வேகம் பிடித்துவிடுகிறது.

கென் உயிர் பிழைத்தது ஒரு மேல்கோட்டினால். அபாய மணி அடித்தபோது அவன் தனக்கு ஒதுக்கப்பட்ட படகை நோக்கிப் போகாமல், அறையில் விட்ட மேல்கோட்டை எடுக்கத் திரும்பி ஓடினான். எடுத்துக்கொண்டு மேலே வந்தபோது இடம் கிடைத்தது வேறொரு படகில். அதுதான் பன்னிரண்டாம் எண் படகு. அவன் போயிருக்க வேண்டிய படகு கவிழ்ந்துவிட்டது. இந்த இடத்தைப் படித்தபோது சின்னவன் எதுவும் கேட்காமல் வெகுநேரம் மாடிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பொருளைத் தவறவிட்டால் வீட்டில் திட்டு விழும் என்ற பயம் அவனுக்கும் தெரிந்த பயம்தான்.

நாவல் வசனகவிதையில் எழுதப்பட்டிருக்கிறது, அதாவது நம் புதுக்கவிதை போல. முந்நூறு பக்கங்களுக்கு மேல் இருந்தாலும் ஒவ்வொரு பக்கத்திலும் சொற்கள் குறைவு, வெற்றிடம் அதிகம். தடித்த புத்தகத்தைக் கண்டால் ஒதுங்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. குளிரிலும் தாகத்திலும் வாய் வறண்ட ஒரு சிறுவன் நீண்ட வாக்கியங்களில் பேச மாட்டான் என்பதால், படகுப் பகுதியில் வரிகள் மூன்று சொல், இரண்டு சொல் என்று சுருங்குவது மிகவும் பொருத்தமாக இருக்கிறது. முதல் பகுதியின் வீட்டுப் பேச்சுகளுக்கு அந்த வடிவம் அவ்வளவு தேவைப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. வாய்விட்டு மொழிபெயர்க்கும்போது வரி உடையும் அழகு போய்விடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் படகுப் பகுதி வந்தபோது சொல்வதை நிறுத்திவிட்டுப் பக்கத்தை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டத் தொடங்கினேன்.

படகில் இருந்தவர்கள் 46 பேர். ஆறு சிறுவர்கள், அவர்களுக்குத் துணையாக வந்த மேரி கார்னிஷ் என்ற பியானோ ஆசிரியை, ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு போலந்து நாட்டுப் பயணி, படகுக்குத் தலைமை ஏற்ற நான்காம் அதிகாரி ரோனி கூப்பர், இன்னும் நான்கு பிரிட்டிஷ் ஊழியர்கள், இவர்களோடு இந்திய மாலுமிகள் 32 பேர். எட்டு நாள் அவர்கள் கடலில் கிடந்தார்கள். படகில் வழக்கமான துடுப்புகளுக்குப் பதிலாக, கைப்பிடிகளை முன்னும் பின்னும் தள்ளினால் அடியில் உள்ள சுழலியைச் சுற்றவைக்கும் பொறி ஒன்று இருந்தது. சிறுவனும் பெரியவனும் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதை இயக்கலாம். இயக்கினால் உடம்பில் கொஞ்சம் சூடும் ஏறும். சாப்பாட்டையும் தண்ணீரையும் பங்கிடும் வேலை ஜார்ஜ் பர்விஸ் என்ற பணியாளருடையது. பீப்பாயிலிருந்து முகந்து ஆளுக்குச் சிறிதளவு தண்ணீர், கல் போன்ற பிஸ்கட், அதன் மேல் ஒரு துண்டு மத்தி மீன், சில வேளை டின் பால்.

இந்தப் பங்கீட்டைப் படித்த அன்று சின்னவன், “ஒரு வாய்த் தண்ணீர் போதாதா அத்தை?” என்று கேட்டான். வாயால் பதில் சொல்வதில் பயன் இல்லை என்று தோன்றியது. கீழே போய், அவன் கைக்குழந்தையாக இருந்தபோது மருந்து புகட்டிய சங்கை எடுத்து வந்தேன். காரச் சட்னியும் காய்கறித் துருவலும் இல்லாத வெறும் தட்டுவடை இரண்டு எடுத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு தட்டுவடை, ஒரு சங்குத் தண்ணீர், அடுத்த தண்ணீர் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் என்று சொன்னேன். சேலத்தின் மே மாத மாலையில், அதுவும் பகலெல்லாம் காய்ந்த மாடித் தரையின் மேல் உட்கார்ந்து, காய்ந்த தட்டுவடையை மென்று விழுங்கப் பார்த்தார்கள். பெரியவள் பாதியிலேயே தண்ணீரைக் குடித்துவிட்டு மிச்சத்தை விழுங்க முடியாமல் தவித்தாள். சின்னவன் சங்கின் மூக்கை உதட்டில் வைத்துச் சொட்டுச் சொட்டாக நாக்கின் மேல் விட்டுக்கொண்டான். அரை மணி நேரத்துக்கு மேல் அந்தச் சோதனையை நீட்டிக்க எனக்கு மனம் வரவில்லை, சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நாவலில் தண்ணீர் என்ற சொல் வந்த இடமெல்லாம் இருவரும் அசையாமல் கேட்டார்கள். படகில் நாள் போகப்போக, பசி இருந்தும் பிஸ்கட் வேண்டாம் என்று அவர்கள் ஒதுக்குவது ஏன் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாவலின் உயிர் என்று நான் நினைப்பது மேரி கார்னிஷ் வரும் பக்கங்களை. நடுத்தர வயதுப் பெண், மெல்லிய உடை, படகில் இருந்த ஒரே பெண். பிள்ளைகளின் மரத்துப்போன கால்களை மணிக்கணக்கில் தேய்த்துவிடுகிறார். ஒரு சாகச வீரனின் கதையைத் தானே இட்டுக்கட்டி நாளுக்கு ஒரு பகுதியாகச் சொல்கிறார். விறுவிறுப்பான இடத்தில் நிறுத்திவிடுகிறார், அடுத்த பகுதியைக் கேட்பதற்காகவே பிள்ளைகள் அடுத்த நாளுக்குக் காத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் பாட்டிமார் சோறு ஊட்டுவதற்குக் கையாண்ட அதே உத்தி அங்கே உயிரைப் பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்கிறது. ஆறு பையன்களும் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்டால் தண்ணீர்ப் பங்கீட்டுக்கு அடுத்தபடி இந்தக் கதையைத்தான் நான் சொல்வேன். அவர் செய்ததற்குப் பிரிட்டிஷ் அரசு பின்னர் விருது கொடுத்தது. எழுத்தாளர் இவரை வீராங்கனையாக்கி மேடையில் ஏற்றவில்லை. அவருடைய சோர்வையும் கையிருப்புக் கதை தீர்ந்துவிடுமோ என்ற கவலையையும் சிறுவனின் கண்ணுக்குப் படும் அளவில் மட்டும் காட்டுகிறார். அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். ஆறாம் மாலை என்று நினைக்கிறேன், பெரியவள் நோட்டில் ஒன்றிலிருந்து நாற்பத்தாறு வரை எண் போட்டுப் படகில் இருந்தவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கினாள். பதினான்கு வரை வந்தாள். பிறகு, “மற்ற முப்பத்திரண்டு பேருக்கும் பேர் எங்க அத்தை?” என்று கேட்டாள். அந்த முப்பத்திரண்டு பேரும் நம் நாட்டவர்கள். அவர்களை ஆங்கிலத்தில் லஸ்கர் என்றார்கள். படை என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் பக்கத்துக்கு அது புதிய சொல் அல்ல. மேட்டூர் அணையிலிருந்து வரும் கால்வாய்களில் மதகு திறந்து மூடும் அரசு ஊழியரையும் லஸ்கர் என்றுதான் சொல்வார்கள். தண்ணீரோடு பிழைக்கும் கடைநிலை ஊழியருக்கு வெள்ளைக்காரர் காலத்தில் வைத்த பெயர் கப்பலிலும் வாய்க்கால் கரையிலும் ஒன்றாகவே நின்றுவிட்டது.

சூசன் ஹூட் அவர்களை மறந்துவிடவில்லை என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்தப் பேரழிவைப் பற்றிய பல பழைய பதிவுகளில் இந்திய மாலுமிகள் வெறும் எண்ணாக, சில சமயம் குறையாகவும் வருகிறார்கள். இந்த நாவலோ அவர்களை மரியாதையோடு பார்க்கிறது, கென்னும் அப்படியே பார்க்கிறான். பிரிட்டிஷ் மாலுமிகளைவிட அவர்களுக்குக் கூலி மிகக் குறைவு. வெப்பநாட்டுப் பருத்தி உடையோடு வட அட்லாண்டிக் குளிரில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கப்பலின் ஊழியர்களில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். இருந்தாலும் கதை ஓர் ஆங்கிலச் சிறுவனின் கண் வழியாகவே நடப்பதால், படகின் ஒரு பகுதி நமக்கு முகமாகவும் மற்றொரு பகுதி புரியாத மொழியில் கேட்கும் பிரார்த்தனையாகவும் நின்றுவிடுகிறது. அந்த முப்பத்திரண்டு பேர் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள், ஊரில் யாரை நினைத்துக்கொண்டார்கள், தண்ணீரைப் பங்கிடும் கை தங்கள் பக்கம் வரும்போது எப்படி உணர்ந்தார்கள் என்பதை அறியும் ஆசையோடுதான் நான் ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பினேன். கதைசொல்லியின் வயதையும் மொழியையும் மீறி எழுத்தாளர் அதை எழுதியிருக்க முடியாது. அதை உணர்கிறேன், குறை மட்டும் தீரவில்லை. பெரியவளின் நோட்டில் பதினைந்தாம் எண்ணுக்குக் கீழே ஏறத்தாழ எல்லாமே வெறும் கோடுகளாக இருக்கின்றன. போரில் இறந்த இந்தியக் கடலோடிகளின் பெயர்களை, ஏறத்தாழ ஆறாயிரம் வணிகக் கப்பல் மாலுமிகள் அடங்கிய பட்டியலாக மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவுப் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறாள்.

பன்னிரண்டாம் படகு எட்டு நாள் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் அலை மட்டும் அல்ல, ஒரு கணக்குப் பிழையும் சேர்ந்துகொண்டது. மறுநாள் பிற்பகல் வந்து சேர்ந்த ‘ஹரிகேன்’ என்ற போர்க்கப்பல், கிடைத்த படகுகளையெல்லாம் தேடி உயிரோடு இருந்தவர்களை ஏற்றிக்கொண்டது. அதே இரவில் தாக்கப்பட்ட ‘மரினா’ என்ற இன்னொரு கப்பலின் படகையும் பெனாரஸின் படகு என்று அவர்கள் எண்ணிவிட்டார்கள். கணக்கு சரியாக வந்ததால் தேடலை முடித்துக்கொண்டு திரும்பினார்கள். ஆறு பிள்ளைகளின் பெற்றோருக்கும் மகன் இறந்துவிட்டான் என்ற செய்தி போய்ச் சேர்ந்தது. செப்டம்பர் 25 அன்று ஒரு சண்டர்லண்ட் கடல் விமானம் படகைக் கண்டது. அது எந்த வகை விமானம் என்று முதலில் கூவிச் சொன்னவன் கென். ‘ஆந்தனி’ என்ற போர்க்கப்பல் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டது.

இதைச் சொல்லும்போது எனக்கு மணிமேகலையில் வரும் ஆதிரையின் நினைவு வந்தது. கலம் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலைக்கு ஒதுங்கிய அவள் கணவன் சாதுவன் இறந்தான் என்று தப்பி வந்தவர்கள் சொல்ல, அதை நம்பி ஆதிரை தீயில் இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை, பின்னர் அவன் உயிரோடு வந்து சேர்கிறான். பிள்ளைகளுக்கு அந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். இறந்ததாக அறிவிக்கப்பட்டவன் வாசலில் வந்து நிற்பது நம் மொழியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த காட்சி என்பதால்தானோ என்னவோ, நாவலின் கடைசிப் பகுதி தமிழில் சொல்ல மிக எளிதாக வந்தது.

படித்து முடித்த வாரம் ஏற்காட்டுக்குப் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சின்னவனுக்கு வழக்கம்போல் தலை சுற்றியது. ஏரியில் படகு ஏறும்போது கொடுக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை இதற்கு முன் வந்தபோதெல்லாம் கசகசக்கிறது என்று கழற்றப் பார்த்தவன், இந்த முறை தானே மூன்று வார்களையும் இழுத்து மாட்டினான். அக்காளின் வாரில் ஒன்று தளர்ந்திருந்ததைப் பார்த்து, “அதை இறுக்கு” என்று சொன்னான். கரையிலிருந்து சிறிது தூரம் போனதும் மலை மேல் மூடுபனி இறங்கி, எதிர்க்கரை மரங்கள் தெரியாமல் போயின. “இப்படித்தான் இருந்திருக்கும், இல்ல அத்தை?” என்று பெரியவள் கேட்டாள். இதைவிடப் பல மடங்கு குளிர், கரையே கிடையாது என்று சொன்னேன். கடல் இல்லாத மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அட்லாண்டிக்கைக் காட்ட என்னிடம் இருந்தது அந்த ஏரி மட்டும்தான்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். நூல் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. நான் தேடிய வரையில் தமிழ் மொழிபெயர்ப்பு என் கைக்கு எட்டவில்லை. ஆங்கிலம் சுமாராகப் படிக்கத் தெரிந்த பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தானே படிக்கலாம், அதற்குக் குறைந்த வயதுக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். குழந்தைகள் சாகிறார்கள், அதை நாவல் மூடி மறைக்கவில்லை, ஆனால் கொடூரமாக விவரிக்கவும் இல்லை. கதை முடிந்த பிறகு உண்மை நிகழ்ச்சியைப் பற்றிய குறிப்புகள் உண்டு. அவற்றை முதலில் படிக்க விடாதீர்கள், யார் பிழைத்தார்கள் என்பது முன்பே தெரிந்துவிடும்.

எத்தனை மாலைகளாகப் பிரித்துப் படித்தாலும், டார்பிடோ தாக்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். நான் மணி எட்டரை ஆகிவிட்டது என்று அங்கே நிறுத்தப் பார்த்தேன். இரண்டு பேருமே படுக்கப் போக மறுத்துவிட்டார்கள். மாடி விளக்கைப் போட்டு, பூச்சிகள் பக்கத்தின் மேல் விழ விழத் தட்டிக்கொண்டு, பன்னிரண்டாம் படகில் முதல் விடியல் வருகிற வரைக்கும் படித்தேன். அதற்குப் பிறகுதான் சின்னவன் என் மடியில் தலை வைத்துத் தூங்கினான்.